வீட்டிலிருந்து எழுதும் உரிமத் தேர்வு: கண்காணிப்புக்கு எவ்வளவு கட்டணம் கேட்பது?

வீட்டிலிருந்து தேர்வு எழுதுபவர்களை கேமரா வழியாகக் கண்காணிக்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, ஒரு தேர்வருக்கு எவ்வளவு போடலாம்?" நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். உங்கள் ஆள் ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கப்போகிறார்? பார்த்ததில் சந்தேகம் வந்தால், தேர்வர் காப்பி அடித்தாரா இல்லையா என்று உட்கார்ந்து முடிவு சொல்லப்போகிறவர் யார்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் 150, 200 என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டு வந்தவர்கள்தான் ஆறு மாதம் கழித்துக் கடையை மூடுகிறார்கள். நானும் முதல் வருடம் அப்படிச் சொன்னவன்தான், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கோயம்புத்தூரில் சின்ன அளவில் இதைச் செய்கிறோம். 2020 கொரோனா காலத்தில் கம்பெனி செகரட்டரி படிப்புக்கான நுழைவுத் தேர்வு வீட்டிலிருந்து எழுதுவதாக மாறியது, காப்பீட்டு முகவர் தேர்வையும் வீட்டிலிருந்து எழுத அனுமதித்தார்கள். அந்த அலையில் இறங்கிய பலரில் நாங்களும் ஒருவர். கல்லூரி செமஸ்டர் தேர்வைக் கண்காணிப்பதற்கும் தொழில் உரிமத் தேர்வைக் கண்காணிப்பதற்கும் வேலை ஒன்றுபோலத் தெரியும். ஆனால் செமஸ்டரில் ஒருவரைத் தவறாகப் பிடித்துவிட்டால் துறைத் தலைவரோடு பேச்சு முடிந்துவிடும். உரிமத் தேர்வில் ஒருவருடைய பிழைப்பு தொங்குகிறது, அவர் வக்கீலோடு வருவார், உங்கள் வீடியோவைக் கேட்பார், நேரம் நிமிடம் நொடி கேட்பார். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.

முதல் படி: பணம் கட்டுவது யார்?

இரண்டு வழி உண்டு. தேர்வு நடத்தும் அமைப்பே மொத்தமாகக் கட்டலாம், இல்லையென்றால் தேர்வர் தேர்வுக் கட்டணத்தோடு சேர்த்தோ தனியாகவோ உங்களிடம் நேரடியாகக் கட்டலாம். இரண்டாவது வழியில் பணம் முன்னாலேயே வந்துவிடும், கடன் நாள் தொல்லை இல்லை. ஆனால் பேமென்ட் கேட்வேக்கு 2 சதவீதத்தை ஒட்டி ஒரு தொகை போகும், பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தக் கேட்வே கட்டணம் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும், அப்புறம் "பணம் கட் ஆகிடுச்சு, ஹால் டிக்கெட் வரல" என்று வரும் போன்களுக்கு ஒரு ஆளைத் தனியாகப் போட வேண்டியிருக்கும். என் யோசனை, முதல் இரண்டு வருடம் அமைப்பிடமே மொத்தமாக வாங்குங்கள். தேர்வரிடம் நேரடியாக வாங்க ஆரம்பித்தால் நீங்கள் கண்காணிப்பாளர் மட்டுமாக இருக்க முடியாது, கஸ்டமர் கேரும் நீங்கள்தான்.

இரண்டாவது படி: எந்த வகைக் கண்காணிப்பு?

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். கண்காணிப்பாளர் நேரலையில் உட்கார்ந்து பார்ப்பது ஒன்று. எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்துப் பிறகு ஆள் பார்ப்பது இரண்டு. மென்பொருள் மட்டும் பார்த்து "இவர் சந்தேகம்" என்று கொடி காட்டிவிட்டுப் போவது மூன்று. மூன்றாவதை உரிமத் தேர்வுக்கு விற்காதீர்கள். அமெரிக்காவில் இந்தத் தொழிலில் பெரிய ஆளான ப்ராக்டர்யூ நிறுவனமே 2021 மே மாதம் மென்பொருள் மட்டும் பார்க்கும் சேவையை இனி விற்கமாட்டோம் என்று அறிவித்தது. கொடி காட்டிய பதிவுகளில் பத்தில் ஒன்றைத்தான் கல்லூரிகள் திறந்தே பார்க்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. மீதி ஒன்பதும் யாரும் பார்க்காமல் கிடக்கிறது என்றால் அந்தக் கொடிக்கு என்ன மரியாதை?

மூன்றாவது படி: ஒரு மணி நேரத்தின் அடக்க விலை

இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். கண்காணிப்பாளருக்கு மாதம் 18,000 சம்பளம் என்று வையுங்கள். அதோடு நிறுவனத்தின் பங்காக பிஎஃப், 15,000 வரம்பில் 13 சதவீதம் என்றால் 1,950 ரூபாய். இஎஸ்ஐ 3.25 சதவீதம், 585. போனஸ், விடுப்பு எல்லாம் மாதத்துக்கு 1,500 என்று போட்டால் மொத்தம் சுமார் 22,000 வருகிறது. இதை 26 நாள் × 8 மணி = 208 மணி நேரத்தால் வகுத்து "மணிக்கு 106 ரூபாய்தானே" என்று சந்தோஷப்படக் கூடாது. தேர்வு தினமும் நடப்பதில்லை, இரண்டு ஸ்லாட்டுக்கு நடுவே இடைவெளி இருக்கும், பயிற்சி நாள் இருக்கும். நல்ல மாதத்திலேயே ஒருவர் திரைக்கு முன்னால் உண்மையாகத் தேர்வு பார்க்கிற நேரம் எங்களிடம் 125 மணி தாண்டியதில்லை. 22,000-ஐ 125-ஆல் வகுத்தால் 176. மணிக்கு 176 ரூபாய், அதுதான் உங்கள் அடிக்கல். உங்கள் ஊரில் சம்பளம் வேறாக இருக்கும், எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு முறையை மாற்றாதீர்கள்.

நான்காவது படி: ஒரு தேர்வரின் கணக்கு

மூன்று மணி நேரத் தேர்வு. அரை மணி முன்னால் லாகின், முடிந்த பிறகு கால் மணி. ஆக 3.75 மணி × 176 = 660 ரூபாய். ஒரு ஆள் 8 பேரைப் பார்க்கிறார் என்றால் தலைக்கு 82.50 என்று கணக்கு சொல்லும். ஆனால் 8 பேர் ஸ்லாட் போட்டால் சராசரியாக 6 பேர்தான் வருகிறார்கள். 660-ஐ 6-ஆல் வகுங்கள், 110.

8 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் 20 பேர், 30 பேர் வரை பார்க்கலாம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஒரு நாள் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். திரையில் எட்டுக் கட்டம். ஒருவர் மேலே பார்த்து யோசிக்கிறார், இன்னொருவர் உதட்டை அசைத்துக் கேள்வியைப் படிக்கிறார், மூன்றாவது கட்டத்தில் கரண்ட் போய்த் திரை கறுத்துவிட்டது, அவருக்கு சாட்டில் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போது ஆறாவது கட்டத்தில் ஒரு கை மேஜைக்குக் கீழே போய் வந்ததைக் கவனிக்கவே இல்லை. எட்டுக்கே இந்த நிலைமை. பத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அடையாளச் சோதனை. ஆதாரோ பாஸ்போர்ட்டோ காட்டச் சொல்லி, அறையை ஒரு சுற்றுக் காட்டச் சொல்லி, மேஜைக்கு அடியில் பார்த்து, காதைக் காட்டச் சொல்லி, இதெல்லாம் ஒருவருக்கு 10 நிமிடம் ஆகும். 29 ரூபாய். ஆறில் ஒருவருக்குத் தொழில்நுட்ப உதவி தேவைப்படும், அது 20 நிமிடம் இழுக்கும், சராசரி போட்டால் தலைக்கு 10 ரூபாய். மென்பொருளை வாடகைக்கு எடுத்திருந்தால் அதற்கு ஒரு 60 என்று வையுங்கள்.

சேமிப்பு இடம். வெப்கேம் வீடியோ 500 கேபிபிஎஸ் வேகத்தில் மூன்று மணி நேரம் ஓடினால் 675 எம்பி, திரைப் பதிவையும் சேர்த்தால் தலைக்கு 1 ஜிபி பக்கம் வரும். கிளவுடில் மும்பை வட்டாரத்தில் ஒரு ஜிபிக்கு மாதம் சுமார் 2 ரூபாய்தான், ஆறு மாதம் வைத்தால் 12. பார்ப்பதற்கு இறக்கும்போதுதான் தனியாகக் காசு கேட்பார்கள், அதனால் சந்தேகப்பட்ட துண்டுகளை மட்டும் இறக்குங்கள். மொத்தம் 15 ரூபாய் போதும். இந்த வீடியோவை ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கிற செலவு அதைப்போல நான்கு மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதேதான்.

ஐந்தாவது படி: வீடியோவைத் திரும்பப் பார்க்கிற நேரம்

இதைத்தான் நான் முதல் வருடம் கணக்கில் சேர்க்கவே இல்லை. தேர்வு முடிந்தது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கணினியைத் திறந்தால் 290 பேருக்கு மென்பொருள் மூவாயிரத்துச் சொச்சம் கொடி காட்டி வைத்திருந்தது. தேனிப் பக்கத்திலிருந்து எழுதிய ஒரு பெண்ணுக்கு மட்டும் 41 கொடி, எல்லாம் "அறையில் இரண்டாவது நபர்" என்று. பயந்துபோய்த் திறந்து பார்த்தால், அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு முருகன் காலண்டர். ஃபேன் காற்றில் காலண்டர் ஆடி முருகன் முகம் நேராகத் தெரியும்போதெல்லாம் கொடி, திரும்பினால் கொடி இல்லை. பாவம், அந்தப் பெண் மூன்று மணி நேரமும் தலை நிமிராமல் எழுதியிருந்தார். 41-ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து "ஒன்றுமில்லை" என்று எழுதி மூட எங்கள் ஆளுக்கு அரை மணிக்கு மேல் ஆனது. அதற்கு யாரும் காசு தரவில்லை.

அன்றிலிருந்து சுவரில் படம், காலண்டர், கண்ணாடி எதுவும் பின்னால் இருக்கக் கூடாது என்று அறைச் சோதனையிலேயே சொல்லிவிடுகிறோம். சாமி படத்தை எடுக்கச் சொன்னால் சிலர் வீட்டில் முகம் சுளிப்பார்கள். உட்காரும் திசையை மாற்றச் சொன்னால் போதும், யாருக்கும் வருத்தம் இல்லை.

இது நம் ஊர் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கலிபோர்னியாவில் 2020 அக்டோபரில் வக்கீல் உரிமத் தேர்வை வீட்டிலிருந்து எழுத வைத்தபோது எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொடி விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து மிகப் பெரும்பாலோரை விடுவித்தார்கள். அத்தனை ஆயிரம் வீடியோவையும் சம்பளம் வாங்கும் யாரோ பார்த்துத்தானே ஆக வேண்டும்?

ஆகவே தலைக்கு 15 நிமிடம் மறுபார்வை என்று போடுங்கள். இதைப் புது ஆட்களிடம் கொடுக்கக் கூடாது, அனுபவம் உள்ளவர்தான் பார்க்க வேண்டும், அவர் சம்பளம் கூடுதல் என்பதால் 60 ரூபாய். இதுவரை கூட்டினால் 110 + 29 + 10 + 60 + 15 + 60 = 284.

ஆறாவது படி: கூடுதல் நேரம் பெறும் தேர்வர்கள்

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, தகுதியுள்ள தேர்வருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொன்னது. மூன்று மணித் தேர்வு நான்கு மணி ஆகும். சொல்வதை எழுதுபவர் ஒருவர் கூட இருந்தால் அறையில் எப்போதும் இரண்டு பேர், பேச்சுச் சத்தம் வேறு, மென்பொருள் ஓயாமல் கத்தும், அதனால் ஒருவருக்கு ஒரு கண்காணிப்பாளர் என்று வைத்தே ஆக வேண்டும். 4.75 மணி × 176 = 836 ரூபாய்.

இந்தத் தொகையை அந்தத் தேர்வரிடம் கேட்கவே கேட்காதீர்கள், கொட்டேஷனில் "மாற்றுத்திறனாளிக்குக் கூடுதல் கட்டணம்" என்று ஒரு வரி எழுதினாலும் அசிங்கம். 50 பேரில் ஒருவர் இப்படி வருவார் என்று வைத்து, கூடுதலாகும் 726 ரூபாயை 50 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 15-க்குள் முடிகிறது. 284 + 15 = 299.

ஏழாவது படி: வராதவர், கரண்ட் போனவர், நம்மால் கெட்டவர்

ஒரு முறை 400 பேர் பதிவு செய்த தேர்வு. 400-க்குத்தான் ஆள் போட்டோம், ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டைச் சம்பளம். வந்தது 290. பில் போட்டால் அந்த அமைப்பின் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, "ஏனுங்க, எழுதாதவங்களுக்கு எதுக்குங்க பணம்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஒப்பந்தத்தில் நாங்கள் "ஒரு தேர்வருக்கு" என்றுதான் எழுதியிருந்தோம். எழுத வராதவர் தேர்வரா இல்லையா? அந்த ஒரு சொல்லுக்கு 110 பேர் பணம் போனது.

இப்போது "பதிவு செய்த ஸ்லாட் ஒன்றுக்கு" என்று எழுதுகிறோம். 48 மணி நேரம் முன்னால் தேதி மாற்றினால் இலவசம், அதற்குப் பிறகு மாற்றினால் பாதி, வராமலே போனால் முழுக் கட்டணம். இது கடுமையாகத் தெரிந்தால் முதல் சுற்றுக்கு மட்டும் வராதவருக்கு 60 சதவீதம் என்று இறங்கலாம், அதற்குக் கீழே போகாதீர்கள். என்ன, அடக்க விலைக் கணக்கில் நாம் 6 பேர்தான் வருவார்கள் என்று ஏற்கனவே வகுத்துவிட்டோமே, இது இரட்டை வசூல் ஆகாதா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. வராதவருக்கும் முழுக் கட்டணம் என்று அமைப்பு ஒப்புக்கொண்டால் 110-ஐ 82.50 ஆக்கிக் கொடுங்கள். அதைச் சொல்லியே பேரம் பேசலாம், பர்ச்சேஸ் ஆட்களுக்கு அது பிடிக்கும்.

கரண்ட் போவது, நெட் போவது பற்றி முன்கூட்டியே எழுதி வையுங்கள். 10 நிமிடத்துக்குள் திரும்ப இணைந்தால் தேர்வு தொடரும், கடிகாரம் நின்ற இடத்திலிருந்து ஓடும். அதைத் தாண்டினால் மறுதேர்வு. தேர்வர் பக்கத்துக் கோளாறு என்றால் மறுதேர்வுக்கு அமைப்பு பாதிக் கட்டணம் தரும், நம் சர்வர் விழுந்தால் நம் செலவு. நம்மால் கெடுவது 2 சதவீதம் என்று வைத்து தலைக்கு 6 ரூபாய் சேர்த்துக்கொள்ளுங்கள், 305 ஆயிற்று.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் எல்லோருக்கும் 15 நிமிட ஒத்திகை வையுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. கட்டணம் என்றால் பாதிப் பேர் ஒத்திகைக்கு வரமாட்டார்கள், வராத அந்தப் பாதிதான் தேர்வு நாளில் காலை ஒன்பதே முக்காலுக்கு "கேமரா ஓபன் ஆகல சார்" என்று அழைக்கும்.

எட்டாவது படி: மேல் செலவு, லாபம்

வாடகை, யூபிஎஸ், இரண்டு வேறு கம்பெனி இன்டர்நெட், காப்பீடு. அரசு சார்ந்த அமைப்பு என்றால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலில் உள்ள ஆடிட்டரிடம் பாதுகாப்புத் தணிக்கை கேட்பார்கள். 2022-ல் வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி சிஸ்டம் லாக் எல்லாம் 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது, அதில் அபராதம் 250 கோடி வரை போகும். நம்மிடம் இருப்பது ஆயிரக்கணக்கானவர்களின் முகம், வீடு, ஆதார் அட்டை. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய ஆள் வேண்டும், காசு வேண்டும்.

வருடத்துக்கு 9 லட்சம் என்று வையுங்கள். 10,000 தேர்வர் கிடைத்தால் தலைக்கு 90, அடக்கம் 395. லாபம் 20 சதவீதம் வேண்டும் என்றால் 395-ஐ 1.2-ஆல் பெருக்கக் கூடாது, அது 474 தான் வரும், விற்கும் விலையில் லாபம் 17 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். 0.8-ஆல் வகுங்கள். 494, சரி, 500 என்று வையுங்கள்.

அதே ஆண்டில் 10,000-க்குப் பதில் 3,000 பேர்தான் வந்தார்கள் என்றால்? மேல் செலவு தலைக்கு 300 ஆகிவிடும், விலை 756. ஆக 500-க்கு ஒத்துக்கொண்டு 3,000 பேரை மட்டும் பார்த்தால் ஒவ்வொரு தேர்வருக்கும் நீங்கள் 105 ரூபாய் கையிலிருந்து போடுகிறீர்கள். அதனால்தான் குறைந்தபட்ச எண்ணிக்கை உறுதி இல்லாமல் தலைக்கு இவ்வளவு என்று விலை சொல்லவே கூடாது. "வருடத்துக்கு 8,000-க்குக் குறைந்தால் 8,000-க்கான தொகை" என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விலையை இரண்டாக உடையுங்கள்: வருடக் கட்டணம் ஒன்று, தலைக்கட்டணம் ஒன்று.

"நேரலை வேண்டாம், பதிவு செய்து பாருங்கள், பாதி விலைக்குத் தாருங்கள்" என்பார்கள். போட்டுப் பாருங்கள். நேரலை ஆளின் 110 போய்விடும், அடையாளச் சோதனையை மென்பொருளிடம் விட்டால் 5 ரூபாய், ஆனால் யாரும் நேரில் பார்க்காததால் மறுபார்வை 15 நிமிடத்திலிருந்து 25-க்கு ஏறும், அது 100 ரூபாய். மற்றதெல்லாம் அப்படியே. கணக்கு 376-ல் வந்து நிற்கிறது. கால்வாசிதான் குறைகிறது. இந்தத் தாளை அவர்கள் முன்னால் வைத்தே காட்டிவிடுங்கள், வாக்குவாதம் மிச்சம்.

ஒன்பதாவது படி: வரி, பிடித்தம், கடன் நாள்

500-க்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 590. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். கல்வி நிறுவனங்களின் தேர்வுக்குச் செய்யும் சேவைக்கு வரிவிலக்கு உண்டு, உரிமத் தேர்வு நடத்தும் உங்கள் வாடிக்கையாளர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பதை அவர் வாய்ச்சொல்லை நம்பி முடிவு செய்யாமல் உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு வரி கேட்டு நோட்டீஸ் வந்தால் உங்களுக்குத்தான் வரும்.

பில் தொகையில் வாடிக்கையாளர் முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியான டிடிஎஸ் 2 சதவீதமா 10 சதவீதமா என்பது இதைத் தொழில்நுட்பச் சேவை என்கிறார்களா தொழில்முறைச் சேவை என்கிறார்களா என்பதைப் பொறுத்தது. 10 பிடித்தால் அந்தப் பணம் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும், அதற்குள் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டுமே. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைக் கட்டாயம் செய்துவிடுங்கள், இலவசம்தான். குறு, சிறு நிறுவனமாக இருந்தால் அரசு டெண்டரில் முன்வைப்புத் தொகை கட்டத் தேவையில்லை, பில் தொகையை 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் 90 நாள் ஆகும். 500 ரூபாயை 90 நாள் வட்டிக்கு வாங்கி ஓட்டினால் 12 சதவீதத்தில் 15 ரூபாய் போகிறது, இழுத்தடிப்பார்கள் என்று தெரிந்தால் 515 என்றே சொல்லுங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் எல்யுடி என்ற உறுதிக் கடிதம் போட்டு ஜிஎஸ்டி இல்லாமல் பில் போடலாம். ஆனால் இரவு ஷிப்ட், கேப், இரவுச் சம்பளம் எல்லாம் சேர்ந்து 176 என்ற அடிக்கல்லே 250-க்கு ஏறும். இந்திய விலையை டாலராக மாற்றி அனுப்பினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள்.

பத்தாவது படி: ஒப்பந்தத்தில் நான்கு வரி

நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு வையுங்கள், அந்தச் சுற்றுக்கு வாங்கிய கட்டணத்தைத் தாண்டக் கூடாது. இது ஏன் என்று தெரிய 2025 பிப்ரவரியில் அதே கலிபோர்னியா வக்கீல் தேர்வில் நடந்ததைப் பாருங்கள். பட்ஜெட் பற்றாக்குறை, அதனால் தேசிய அளவிலான வினாத்தாளை விட்டுவிட்டு, தேர்வு மையச் செலவையும் குறைக்க வீட்டிலிருந்தும் எழுதும் புதுத் தேர்வைக் கொண்டுவந்தார்கள், வருடத்துக்கு 38 லட்சம் டாலர் வரை மிச்சமாகும் என்று கணக்கு. தேர்வு நாளில் பலருக்குத் திரை உறைந்தது, எழுதியது சேமிக்கவில்லை, சிலருக்கு லாகினே ஆகவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது, மே மாதம் தேர்வுக்குப் பொறுப்பான வக்கீல் சங்கமே அதை நடத்திக் கொடுத்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது, ஜூலைத் தேர்வு திரும்ப நேரடி மையங்களுக்குப் போய்விட்டது. அவ்வளவு பெரிய நிறுவனம் வழக்கைத் தாங்கும். பத்துப் பேர் வைத்திருக்கும் நாம் தாங்கமாட்டோம்.

இரண்டாவது, இடையில் நிறுத்தினால் என்ன என்பது. ஏசிசிஏ கணக்காளர் அமைப்பு 2025 டிசம்பரில், செயற்கை நுண்ணறிவை வைத்து ஏமாற்றுவதைச் சமாளிக்க முடியவில்லை என்று 2026 மார்ச் முதல் வீட்டிலிருந்து எழுதுவதை விதிவிலக்கான நிலைமைகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. உங்கள் வாடிக்கையாளரும் நாளைக்கு அப்படிச் சொல்லலாம். அவருக்காக வாங்கிய கணினியும் வேலைக்கு எடுத்த ஆட்களும் உங்கள் தலையில்தான். ஆரம்ப ஏற்பாட்டுக் கட்டணம் என்று ஒரு தொகையைத் தனியாக முன்பணமாக வாங்குங்கள், நிறுத்த வேண்டுமானால் 90 நாள் நோட்டீஸ்.

மூன்றாவது, பல வருட ஒப்பந்தம் என்றால் வருடம் 7 சதவீதம் ஏற்றம். நான்காவது, மேல்முறையீடு. தேர்வர் முடிவை எதிர்த்தால் வீடியோ துண்டு, நேரக் குறிப்பு, சாட் பதிவு, கண்காணிப்பாளர் அறிக்கை எல்லாம் சேர்த்த கோப்பு தயாரிக்க எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. கோப்பு ஒன்றுக்கு 1,500 ரூபாய் என்று தனியாக எழுதுங்கள். அது அமைப்பு கட்டுவது, தேர்வர் கட்டுவது இல்லை.

கொட்டேஷனை அனுப்பிய பிறகு

30 நாள் செல்லும் என்று எழுதி அனுப்புங்கள். மூன்றாவது நாள் போன் வரும், "இன்னொருத்தர் 180-க்குத் தர்றாருங்க." உடனே இறங்கி வராதீர்கள். அவர் ஒரு ஆளுக்கு எத்தனை தேர்வர் வைக்கிறார், வீடியோவை யார் பார்க்கிறார்கள், வக்கீல் நோட்டீஸ் வந்தால் யார் பதில் தருவார், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் அனுபவத்தில் பாதிப் பேர் திரும்பக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட பாதியோடு இன்றும் வேலை செய்கிறோம்.

முதல் சுற்று முடிந்ததும் கணக்குத் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் உண்மையில் ஆனது எவ்வளவு என்று ஒரு கட்டம் போட்டு நிரப்புங்கள். போன வருடம் நிரப்பியபோது எங்கள் 15 நிமிட மறுபார்வை 22 நிமிடமாகி இருந்தது, கண்ணாடி போட்ட தேர்வர்களின் கண்ணாடியில் திரை வெளிச்சம் பட்டு "கண் வேறு பக்கம்" என்று கொடி விழுந்துகொண்டே இருந்ததுதான் காரணம். அடுத்த கொட்டேஷனில் 60 ரூபாயை 88 ஆக்கினோம், ஒத்திகையில் மேஜை விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்ல ஆரம்பித்தோம்.